எல்லையோரத்தில் ஒரு கட்டில்

ஊர் நினைப்பு வருவதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. வகுப்பில் வராது. ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நிற்கும்போதும் வராது. அங்கே கவனம் தப்பினால் விரல் போய்விடும். மாலை ஆறரை மணிக்கு, கொடியில் கிடக்கும் துணியை எடுக்க விடுதி மொட்டை மாடிக்குப் போகும்போது வரும். ஓசூர்க் குளிரில் காலையில் போட்ட துணி அந்நேரத்துக்கும் பாதி ஈரமாகத்தான் இருக்கும். அதைத் தொட்டதும் மனசு கோவில்பட்டிக்குப் போய்விடும். இந்நேரம் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்திருப்பாள். நாளெல்லாம் கட்டை அடுக்கிய கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருப்பாள். எதிர்வீட்டு அவ்வா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் வருகிற நாள் என்றால் தெருவே குடத்தோடு நிற்கும்.

இதில் அழ வைக்கிற விஷயம் எதுவும் இல்லை. நான் இல்லாமலும் இவ்வளவும் தவறாமல் நடக்கிறது என்று உறைக்கும்போதுதான் தொண்டை அடைக்கிறது.

*

கோவில்பட்டியிலேயே பாலிடெக்னிக் இருக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்காத ஆள் இல்லை. காரணம் என் சித்தப்பா. “டிப்ளமோவ ஓசூர்ல படிச்சா, காலேஜ் கேட்டத் தாண்டுனதும் கம்பெனி கேட்டு” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் வந்தது. அதே ஆண்டில்தான் டிவிஎஸ் 50 மொபெட்டும் இங்கிருந்து சாலைக்கு இறங்கியது. பிறகு டைட்டன் கைக்கடிகாரம். இப்போது உத்தனப்பள்ளிப் பக்கம் ஐபோன் பாகங்கள், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். ஓசூர் மாநகராட்சி ஆனது 2019இல்.

ஆள் வந்து வந்து பெருத்த ஊர். அதனால் இங்கே பேரைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்கிறார்கள். ஷேர் ஆட்டோவில், ஜெராக்ஸ் கடையில், மெஸ்ஸில் குழம்பு ஊற்றுகிற அக்காவிடம், எங்கும் முதல் கேள்வி “எந்த ஊரு?” ஆரம்பத்தில் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. நீ இந்த ஊர் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாகப் பட்டது. கேட்டவர்களைத் திருப்பிக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் திருவண்ணாமலை, குழம்பு ஊற்றுகிற அக்கா அரூர், ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் குப்பம். அவர்களுக்கும் யாராவது கேட்டால் தேவலை என்றுதான் இருந்திருக்கிறது. கேட்டதும் ஆட்டோக்கார அண்ணன் குப்பத்தில் அவர் வீடு எந்தத் தெருவில், வாசலில் என்ன மரம் என்பது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் சில்லறை கொடுத்தார்.

*

பேருந்து நிலையத்தில் ஒருநாள் பின்னாலிருந்து எங்கள் எதிர்வீட்டு அவ்வாவின் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கொத்தமல்லிக் கட்டு வைத்திருக்கிற யாரோ ஒரு பாட்டி. தெலுங்கில் பேரனை வைதுகொண்டிருந்தாள். எனக்குத் தெலுங்கு பேச வராது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு என்பதால் காதுக்கு மட்டும் பழக்கம். ஓசூர்த் தெலுங்கும் அவ்வாவின் தெலுங்கும் ஒன்றில்லை, அதில் கொஞ்சம் கன்னடம் கலந்து ஓடுகிறது. ஆனாலும் வசவின் ராகம் அப்படியே அவ்வாவுடையது. என் சொந்தப் பேச்சுக்காக ஏங்கியிருந்தால் புரிந்துகொள்ளலாம். எனக்கே பேச வராத ஒரு பாஷை காதில் விழுந்து கண் கலங்கியதை என்ன சொல்வது?

அன்றிரவு கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்து இடைசெவல்காரர் 1976இல் எழுதியது. ஸ்கூலில் தமிழ் மிஸ் கையில் கொடுத்து வாசிக்க வைத்த நாவல். தெலுங்கு தேசத்தில் இருக்க முடியாமல் ஓடி வந்தவர்கள், தெரியாத கரிசலில் காட்டை அழித்து ஊர் உண்டாக்கிய கதை. அப்போது கதையாகத்தான் வாசித்தேன். இப்போது வேறொன்று உறுத்துகிறது. நான் எந்தத் தெருவை நினைத்து ஏங்குகிறேனோ, அந்தத் தெருவில் பாதிப் பேரின் முன்னோர் வேறொரு ஊரை நினைத்துக்கொண்டு வந்து இறங்கியவர்கள். கரிசல் மண்ணில் முதல் மழைக்குக் கால் புதைந்து நின்ற அன்று அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தச் செம்மண்ணில் எனக்கு இருக்கிற மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்குத் திரும்பிப் போக ரயில் இல்லை.

*

எனக்கு ரயில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து நாகர்கோவில் போகிறதும் மைசூரிலிருந்து தூத்துக்குடி போகிறதும் ஓசூர் வழியாகத்தான் போகின்றன. ஏறிப் படுத்தால் மறுநாள் கோவில்பட்டியில் இறங்கலாம். காற்று இந்தப் பக்கம் அடிக்கிற இரவில் ரயில் சத்தம் விடுதிவரை கேட்கும். முதல் மாதங்களில் அந்தச் சத்தத்தை நான் வெறுத்தேன். ரூம்மேட் தருமபுரிக்காரி. அவளுக்கு அது வெறும் ரயில்.

கிருஷ்ணகிரியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த அவஸ்தை கிடையாது. மாவட்டத் தலைநகரமாக இருந்தும் அந்த ஊருக்கு ரயிலே இல்லை.

*

அம்மாவுக்கு கர்நாடகா என்றால் பயம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்திப்பள்ளிக்கு நான் ஒருமுறை தோழிகளோடு போயிருந்தபோது போன் செய்திருக்கிறாள். லைன் கிடைக்கவில்லை. பதிலுக்கு ஒரு பெண் குரல் கன்னடத்தில் ஏதோ சொல்லியிருக்கிறது. விடுதிக்குத் திரும்பியதும் நானே கூப்பிட்டேன்.

“யாருட்டி அவ? ஒம் போன எடுத்து வேற பாசையில பேசுதா?”

கம்பெனிக்காரன் பதிந்து வைத்த குரல் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சாப்ட்டியாட்டி?” என்றாள்.

பிரிவு எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். தெரியாத பாஷையில் ஒரு பதிவுக் குரலைக் கேட்டுவிட்டு ஒரு மாலைப்பொழுது முழுக்க அவள் அங்கே எப்படி இருந்திருப்பாள் என்று பிறகுதான் யோசித்தேன். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. ஜூஜூவாடி தாண்டுவதற்கு முன்னால் “எல்லை தாண்டுறேன்” என்று ஒரு மெசேஜ். சேர்ந்திருக்கிற பிள்ளைகள் கேலி செய்வார்கள். ராணுவத்தில் இருக்கிறாயா என்பார்கள்.

*

சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லாத பிள்ளை உலகத்தில் கிடையாது. ஒன்று மட்டும் குறித்து வைக்கிறேன். இங்கே சாம்பாரில் லேசாக வெல்லம் தட்டுப்படும். அது எனக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளப் போவதில்லை. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் ஒத்துக்கொண்டுவிட்டது. ஊரிலிருந்து வரும்போது சாத்தூர் சேவும் கடலைமிட்டாயும் கொண்டுவந்தால் முதல் நாளே எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ராத்திரியில் தனியாகத் தின்றால் ஏக்கம் கூடத்தான் செய்கிறது.

*

நூலகத்தில் உளவியல் புத்தகம் ஒன்றில் படித்தது. ஷெர்லி ஃபிஷர், ஹூட் என்ற இருவர் 1987இல் பிரிட்டனில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேருகிற மாணவர்களைச் சேருவதற்கு முன்பு ஒருமுறையும் சேர்ந்த பின்பு ஒருமுறையும் கேள்வி கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். மனச்சோர்வும் மறதியும் கூடியிருந்தது. வீட்டை விட்டு வந்தவர்களுக்கு மட்டும் இல்லை, வீட்டிலிருந்தே தினமும் போய் வந்தவர்களுக்கும் கூடியிருந்தது.

இதைப் படித்ததும் ஒரு பாரம் இறங்கியது. நான் ஊர் நினைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு கணக்குப் பாடம். தமிழில் பன்னிரண்டு வருடம் படித்துவிட்டு இங்கிலீஷில் மெக்கானிக்ஸ் புத்தகத்தைத் திறந்தால் வருகிற திகில், கோவில்பட்டியிலேயே இருந்திருந்தாலும் வந்திருக்கும். அழுகை வரும்போது இது எந்தப் பங்கு என்று கேட்டுக்கொள்ளப் பழகினேன். கணக்குப் பங்கு என்றால் சீனியர் அக்காவிடம் நோட்டு வாங்கினால் பாதி சரியாகிவிடும். அம்மா பங்கு என்றால் அதற்கு நோட்டு கிடையாது.

*

சேலம் கலெக்டராக இருந்த பிரெட் என்கிற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓசூர்க் கோட்டைக்குள் ஒரு மாளிகை கட்டினார். இங்கிலாந்தில் இருக்கிற கெனில்வொர்த் கோட்டையின் சாயலில். இங்கே சுமார் 900 மீட்டர் உயரம், குளிர் வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பக்கத்தில் தளியை ‘குட்டி இங்கிலாந்து’ என்று வேறு அழைத்தார்கள். வேட்டை, குதிரை, குளிர், எல்லாம் இருந்தும் ஊர் ஞாபகம் விடவில்லை போலிருக்கிறது. கலெக்டர் என்பதால் கோட்டையாகவே கட்டிவிட்டார். நாங்கள் பீரோக் கதவின் உள்பக்கம் போட்டோ ஒட்டுகிறோம். போட்டோவை எடுத்தால் பெயின்ட் பெயர்ந்ததற்கு வார்டன் அபராதம் போடுவார். பிரெட்டுக்கு அந்தத் தொந்தரவு இருந்திருக்காது.

அந்தக் காலத்தில் படிப்புக்காகக் குழந்தைகள் இங்கிருந்து வெளியே போனார்கள். பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் போனபோது சின்னப் பையன். பின்னால் கவர்னர் ஜெனரல் ஆனார், முதலமைச்சர் ஆனார், அதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த வயதில் முதல் ராத்திரி எங்கே படுத்தார், தூக்கம் வந்ததா என்றுதான் தொரப்பள்ளி நினைவு இல்லத்தில் நின்றபோது எனக்குத் தோன்றியது.

*

டைட்டன் தொழிற்சாலை தொடங்கிய 1980களில், தமிழ்நாட்டின் சிறிய ஊர்களில் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்தார்கள். பதினேழு, பதினெட்டு வயது. அதுவரை வீட்டை விட்டு வெளியே படுத்திராத பிள்ளைகள். அவர்களுக்கு வீடுகள் வாடகைக்கு எடுத்து, அந்த வீடுகளில் பெரியவர்களை வளர்ப்புப் பெற்றோர் மாதிரிக் குடிவைத்தது கம்பெனி. கடிகாரத்துக்குள் மயிரிழை ஸ்பிரிங்கைப் பொருத்த வேண்டிய விரல் நடுங்காமல் இருக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். இருந்தால் என்ன? வேலை விட்டு வரும்போது வாசலில் ஒரு ஆள் “ஏன் லேட்டு?” என்று கேட்டிருக்கிறார். கெடுபிடிக்குக் கேமராவும் கைரேகை இயந்திரமும் வைக்கிற இன்றைய விடுதிகளில் அந்தக் கேள்வி கிடைப்பதில்லை. உள்ளே வந்த நேரத்தை மெஷின் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

*

எங்கள் விடுதி தனியார் லேடீஸ் ஹாஸ்டல். படிக்கிற பிள்ளைகளும் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளும் கலந்து இருக்கிறோம். 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ், ஓசூர்ப் பக்கம் வருகிற ஐபோன் ஆலைக்கு ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து ஆறாயிரம் பழங்குடிப் பெண்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்று அறிவித்தார். பேப்பரில் அது ஒரு எண். மாடிப்படியில் அது ஒரு பெண். ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து தூங்குவாள், நாங்கள் திரும்பும்போது எழுந்து கிளம்புவாள். அவள் தமிழும் என் இந்தியும் ஒரே அளவு, இரண்டும் பூஜ்யம்.

ஒரு விடுமுறை நாளில் பேருந்து நிலையத்தில் அவள் திகைத்து நிற்பதைப் பார்த்தேன். எல்லாப் பலகையும் தமிழில். எந்த வண்டி எங்கே போகிறது என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் ஒவ்வொன்றாகச் சொன்னேன்: தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை, சூளகிரி, பேரிகை, அஞ்செட்டி. பாதி ஊர்களுக்கு நானே போனதில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடம் அவளைப் பொறுத்தவரை நான் இந்த ஊர்க்காரி. அவள் தலையாட்டி ஏறிப்போன பிறகு கொத்தமல்லி வாசத்துக்கு நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஓசூரில் எனக்கு முதன்முதலாகக் கால் தரையில் பட்டது அப்போதுதான்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன். ‘ழ’ அவளுக்கு வரவில்லை. எங்கள் ஊரிலும் பாதிப் பேருக்கு வராது என்று சமாதானம் சொன்னேன். வசந்த காலத்தில் அவர்கள் ஊரில் சர்ஹுல் திருவிழா, சால மரம் பூக்கிறபோது. செல்போனில் வீடியோ காட்டினாள். வரிசையாகக் கைகோத்து ஆடுகிறார்கள், பெண்களின் கொண்டையில் பூ. அதில் ஒருத்தியைத் தொட்டுக் காட்டி “மா” என்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை மாலை ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் முதுகுப் பை இல்லாத ஆளைப் பார்க்க முடியாது. தருமபுரி, சேலம், திருப்பத்தூர், திருவண்ணாமலை. பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகள் வாராவாரம் போய்விடுகிறார்கள். முதலில் பொறாமையாக இருந்தது. இப்போது இல்லை. என் ரூம்மேட் தருமபுரிக்காரி ஞாயிறு இரவு திரும்பி வந்து ஒவ்வொரு வாரமும் புதிதாக அழுகிறாள். திங்கள், செவ்வாய் சுணக்கம், புதன் கொஞ்சம் தெளிவு, வியாழன் பை அடுக்க ஆரம்பித்துவிடுவாள். அவளுக்கு இந்த ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமையவே இல்லை. சந்திரசூடேஸ்வரர் மலையில் ஏறி ஊர் முழுவதையும் பார்த்ததில்லை. உழவர் சந்தையில் மூன்று பாஷையில் தக்காளிக்குப் பேரம் நடப்பதைக் கேட்டதில்லை. தூரத்து ஊர்க்காரி என்பதால் நான் பிழைத்தேன். ஆரம்பத்தில் சில வாரங்களாவது தாக்குப்பிடித்து இங்கே தங்கினால் நல்லது என்பது என் கட்சி. அவளிடம் சொன்னேன். “ஒங்க ஊரு பக்கத்துல இருந்தா நீயும் ஓடுவ” என்றாள். அதுவும் சரிதான்.

*

அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்கில் விழுகிறது. முதல் தடவை வந்ததும் ஸ்வெட்டர் வாங்கினேன். அம்மாவிடம் சொன்னபோது, “கோவில்பட்டியில ஸ்வெட்டர் போட்ட ஆள நான் பாத்ததே இல்ல” என்றாள். ஊருக்குப் போனபோது வெயிலில் அதைப் போட்டுக் காட்டச் சொல்லி அவ்வா வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.

*

எல்லா ஏக்கமும் களியோடும் ஞாயிற்றுக்கிழமையோடும் தீர்ந்துவிடுவதில்லை. எங்கள் தளத்தில் ஒரு பெண் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு குளிப்பதை நிறுத்தினாள். வகுப்புக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “வீட்டு ஞாபகம், போகப் போகச் சரியாயிடும்” என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் அப்பா வந்து அழைத்துப் போனார், டாக்டரிடம் காட்டினார்கள், சொந்த ஊர்ப் பக்கமே வேறு கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள், வாட்ஸ்அப்பில் பூனைப் படம் அனுப்புகிறாள். திரும்பிப் போனதைத் தோல்வி என்று அவள் உறவுக்காரர்கள் பேசினார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்குச் சரியான ஊர் அதுதான்.

*

வருகிற கல்வியாண்டில் புதுப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். விடுதியில் மூத்தவர்களாக இருப்பவர்கள், கொஞ்சம் கவனியுங்கள். ராகிங் தடுப்பு நோட்டீஸைக் காட்டி நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்த ஊர் என்று கேளுங்கள், பதில் சொல்லி முடிக்கிற வரை நில்லுங்கள். எந்த வண்டி எங்கே போகும் என்று காட்டுங்கள். மெஸ்ஸில் ஒருத்தி இரண்டு வேளை தொடர்ந்து வராவிட்டால் கதவைத் தட்டுங்கள். பெற்றோர்களே, “சமாளிச்சுக்கோ” என்று சொல்வதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டு இரண்டு வாரம் தாண்டினால் அதை வெறும் ஊர் நினைப்பு என்று விட்டுவிடக் கூடாது. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணை அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம்.